தங்கச்சியின் பிள்ளைக்காகக் காத்திருக்கிறோம்: உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்

கல்லடி அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன். தங்கச்சியும் அவளின் மாப்பிள்ளையும் டொரொன்டோவில். கலியாணம் முடித்துப் பதினான்கு வருசமாகப் பிள்ளை இல்லை. இலங்கையிலிருந்து ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க முறைப்படி விண்ணப்பித்து இப்போது மூன்றாவது வருசம் நடக்கிறது. அங்கே அவர்கள் காத்திருப்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொல்ல வந்தது இங்கே அம்மாவும் நானும் காத்திருப்பதை.

எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். தங்கச்சியின் வீடு எங்கள் வளவுக்குள்ளேயே பின்பக்கம் இருக்கிறது. பூட்டித்தான் கிடக்கும். ஆனால் அம்மா தினமும் காலையில் அதைத் திறந்து கூட்டி, யன்னல்களைத் திறந்துவிட்டு, பொழுதுபட மறுபடி பூட்டுவா. முதல் வருசம் அங்கே ஒரு ஏணை கட்டுவதற்குப் பழைய நூல்சேலை ஒன்றைத் தோய்த்து மடித்து வைத்திருந்தா. பிறகுதான் தங்கச்சி சொன்னாள், அவர்களுக்கு அனுமதி கிடைக்கப்போவது மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு என்று. அம்மா ஒன்றும் பேசவில்லை. சேலையை அலுமாரியில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனா. எங்கள் கிணற்றுக்கட்டு அம்மாவின் இடுப்பளவுக்கும் குறைவு. மறுநாளே மேசன் ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு வரி கல் வைத்து உயர்த்தி, மேலே கம்பி வலையும் போட்டுவிட்டா. நாலு வயசுப் பிள்ளை எட்டிப் பார்க்கும்தானே என்றா. அந்தப் பிள்ளை இன்னும் ஆர் என்றே எங்களுக்குத் தெரியாது.

தொலைபேசி நேரத்தையும் சொல்ல வேண்டும். அங்கே காலை எட்டரைக்குத் தங்கச்சி வேலைக்குப் போகிற வழியில் எடுப்பாள். கனடாவில் குளிர்காலத்தில் அது எங்களுக்கு இரவு ஏழு மணி, அவர்கள் மணிக்கூட்டை மாற்றியபின் ஆறு மணி. அதனால் வருசத்தில் இரண்டு தடவை எங்கள் வீட்டில் சோறு போடும் நேரமும் மாறும்.

அங்கே சமூக சேவையாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து பல தடவை விசாரித்துத்தான் அறிக்கை எழுதுகிறார். இருவரையும் சேர்த்து இருத்தியும் கேட்கிறார், தனித்தனியாகவும் கேட்கிறார். சிறுவயதில் எப்படி வளர்ந்தீர்கள், அப்பா கோபப்பட்டால் என்ன செய்வார், பிள்ளை பொய் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் கேள்வி. அதோடு 27 மணித்தியாலப் பயிற்சி வகுப்பு வேறு. ஒருநாள் தங்கச்சி எடுத்து, "அம்மா, எங்களுக்கு நீங்க அடிச்ச ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. 1990இல் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்த நாட்களில், சாப்பாட்டு வரிசையை விட்டு ஓடியதற்காகத் தங்கச்சிக்கு ஒரு அடி விழுந்தது. முப்பது வருசத்துக்கு மேலான பின் அம்மா அதை நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தானே தங்கச்சியை எடுத்து, "நான் அடிச்சது பிழை, அதை அந்த மிசிட்ட சொல்லு" என்றா. அந்த அறிக்கையில் என்ன எழுதினார்களோ தெரியாது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு சொல் வந்தது அதுதான் முதல்தடவை.

கடதாசி அலுவல் எல்லாம் என் தலையில். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, மொழிபெயர்ப்பு, பொலிஸ் சான்றிதழ். தங்கச்சியின் அசல் பிறப்புப் பத்திரம் இடம்பெயர்வில் போய்விட்டது, பிரதி எடுத்தால் அதில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அந்த ஓர் எழுத்துக்காக நான் அலைந்த அலைச்சலை எழுதப்போனால் முடியாது, விடுவோம்.

குடி விசயம் ஒன்று. குடி என்றால் எங்கள் பக்கத்து வம்சப் பிரிவு. மட்டக்களப்பில் பிள்ளைக்குத் தாயின் குடிதான். கோயில் திருவிழாவில் உரிமை, முறை எல்லாம் அதன்படிதான் நடக்கும். மாமா ஒருநாள் வந்திருந்தபோது, "வரப்போறது எந்தக் குடிப் பிள்ளை?" என்று கேட்டார். கெட்ட மனதோடு கேட்கவில்லை, பழக்கத்தில் கேட்டார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவ நிமிராமலே, "தாய் என்ட மகள். பிறகென்ன கேள்வி?" என்றா. மாமா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

இனி, நான் உண்மையில் எழுத வந்த விசயம். போன வருசம் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெண் பின்னேரத் தேத்தண்ணி நேரத்தில் வந்தா. வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பக்கம் கலியாணம் ஆகாத ஒரு பெண்பிள்ளை ஏழு மாதக் கர்ப்பமாம். "பிறந்த உடனே கையில தாறம். பதிவிலேயே தங்கச்சிட பேரைப் போடலாம். கோடு, கச்சேரி ஒண்டும் தேவையில்ல" என்றா. நீதிமன்றம், அரச அலுவலகம் எதுவும் வேண்டாமாம். காசு பற்றியும் மெதுவாகச் சொன்னா. அன்றிரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை. ஆசை வந்தது, மறைக்க மாட்டேன். மூன்று வருசமாகத் தங்கச்சி அழுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தங்கச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டாள்: "அக்கா, அந்தப் பிள்ளை இருபது வயசில வந்து, என்னைப் பெத்தது ஆர் எண்டு கேட்டா நான் எந்தப் பேப்பரைக் காட்டுறது?" அம்மா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவ, "பெத்தவளுக்கும் ஒரு குடி இருக்கும்" என்றா. அவ்வளவுதான் கதைத்தோம்.

மறுநாள் நான் எங்கள் பகுதி மிட்வைஃப் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். காட்டிக்கொடுக்க அல்ல. அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கிளினிக் பதிவு கூட இருக்கவில்லை. பிள்ளை பிறந்தது. இப்போது அவள் தன் தாயோடு இருந்து தன் பிள்ளையைத் தானே வளர்க்கிறாள். அவளுக்குத் தேவைப்பட்டது கொஞ்சக் காலத்துக்கு ஒரு துணை. நாங்கள் அந்தக் காசைக் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது.

உங்களில் ஆராவது இப்படிக் காத்திருந்தால், அல்லது காத்திருந்து பிள்ளை வந்து சேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

கல்முனைத் தம்பி:

அக்கா, நான் தத்தெடுக்கவில்லை. ஆனாலும் எங்கள் ஊர்க் கதை ஒன்றை இதில் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு "பேபி 81" என்ற பெயர் உலகம் முழுக்கப் போனதே, அது கல்முனையில். அன்று ஆஸ்பத்திரியில் சேர்த்த 81ஆவது ஆள் என்பதால் இரண்டு மாதக் குழந்தைக்கு அந்த எண். பல குடும்பங்கள் தங்கள் பிள்ளை என்று கேட்டதாகச் செய்திகள் வந்தன. எனக்கு அப்போது பதினேழு வயது. பெற்ற தாயே வந்து அழுகிறா, பிள்ளையைக் கொடுக்காமல் என்ன சட்டம் பேசுகிறார்கள் என்று நாங்கள் இளம் பொடியன்கள் கொதித்தோம். நீதிமன்றம் மரபணுச் சோதனை செய்யச் சொன்னது. 2005 பெப்ரவரியில்தான் பிள்ளை தாய் தகப்பனின் கைக்குப் போனது. ஏறக்குறைய ஏழு கிழமை.

இப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள். அந்த ஏழு கிழமையை இப்போது நினைத்தால், அந்தத் தாய்க்கு அது எவ்வளவு கொடுமை என்பதும் விளங்குகிறது, பிழையான கையில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் விளங்குகிறது. எத்தனை தாய்மார் அப்போது பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் வந்திருக்க மாட்டார்கள். தன் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும் என்ற ஆசையில் எந்த முகமும் தன் பிள்ளையின் முகமாகத் தெரிந்திருக்கும்.

அந்த நேரம் சுனாமியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தத்துக்கொடுப்பதை அரசு நிறுத்தி வைத்தது. வெளிநாட்டிலிருந்து எத்தனையோ பேர் கேட்டார்கள். எங்கள் தெருவில் அப்படி இருந்த இரண்டு பிள்ளைகளைச் சின்னம்மாவே வளர்த்தா. இரண்டு பேரும் இப்போது உத்தியோகம் பார்க்கிறார்கள்.

அம்பாறை ஆசிரியர்:

கல்லடித் தங்கச்சி, உங்கள் தங்கை கேட்ட கேள்வியை ஒருவர் என் முன்னால் கேட்டிருக்கிறார். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு மூன்று மொழியும் ஓரளவு ஓடும். சில வருசங்களுக்கு முன் நெதர்லாந்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். முப்பத்தைந்து வயதுக்கு மேல். முகத்தைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பிள்ளை, வாயைத் திறந்தால் ஒரு சொல்லும் எங்கள் சொல் இல்லை. 1980களில் ஆறு கிழமைக் குழந்தையாகப் போனவர். கையில் ஒரு கோப்பு. அதில் பிறப்புச் சான்றிதழ், தாயின் பெயர், அம்பாறைப் பக்கத்தில் ஒரு சிங்களக் கிராமத்தின் பெயர். மொழிபெயர்க்க நான் போனேன்.

அந்தப் பெயரில் ஒரு அம்மா அங்கே இருந்தா. நாங்கள் விசயத்தைச் சொன்னதும் திகைத்துப்போனா. அந்த வருசம் அவவுக்குப் பிள்ளையே பிறக்கவில்லை. கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றபோது அடையாள அட்டையை யாரோ சில நாள் வாங்கி வைத்திருந்தார்களாம், அவ்வளவுதான் அவவுக்குத் தெரியும். வந்த பெண் என்னிடம் மொழிபெயர்க்கச் சொன்னது ஒரே ஒரு வசனம்: "அப்படியென்றால் நான் யாருடைய பிள்ளை?" அதைச் சிங்களத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மா அதை விளங்கிக்கொண்டு, பெறாத பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுதா. வரும்போது ஒரு சட்டி தயிரும் கித்துள் பாணியும் தந்துவிட்டா.

1970களிலிருந்து 1990கள் வரை இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன பிள்ளைகள் 11,000 வரை என்கிறார்கள். பலருடைய பத்திரம் பொய். நீதிமன்றத்தில் தாய் என்று நிறுத்துவதற்கே காசுக்குப் பெண்களைக் கூட்டிவந்திருக்கிறார்கள். 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி இதை வெளியில் கொண்டுவந்தபோது, அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன இப்படி நடந்ததை ஒத்துக்கொண்டார். 2021இல் நெதர்லாந்து அரசு தன் விசாரணைக் குழுவின் அறிக்கைக்குப் பிறகு வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது.

இப்போது உங்கள் தங்கை காத்திருக்க வேண்டி இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. எங்கள் மகவேற்புச் சட்டம், அதாவது தத்தெடுப்புச் சட்டம், 1941ஆம் ஆண்டுச் சட்டம். 1992இல் அதைத் திருத்தி இறுக்கினார்கள். 1995இல் இலங்கை, நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பு பற்றிய ஹேக் உடன்படிக்கையிலும் சேர்ந்தது. அதன்படி பிள்ளைக்கு முதலில் சொந்தக் குடும்பம், அது இல்லையென்றால் நாட்டுக்குள் ஒரு குடும்பம், அதுவும் அமையாவிட்டால்தான் வெளிநாடு. பிள்ளையை நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களம்தான் காட்டும். நாங்கள் போய்ப் பார்த்துத் தெரிவுசெய்ய முடியாது. வழக்கும் கொழும்பில். நீளமான வழிதான். அந்தக் கோப்போடு வந்த பெண்ணைப் பார்த்த பிறகு எனக்கு இதில் குறை சொல்ல மனம் வரவில்லை.

அவர் இப்போது மரபணுச் சோதனை மூலம் தேடுகிறார். வருசத்துக்கு ஒருமுறை எனக்கு எழுதுவார். இன்னும் யாரும் கிடைக்கவில்லை.

களுவாஞ்சிக்குடி அம்மா:

நான் இங்கேயே தத்தெடுத்தேன், எங்கள் மாவட்ட நீதிமன்றத்தில். மகளுக்கு இப்போது பதினொரு வயது. ஒரே ஒரு விசயம் சொல்கிறேன் அக்கா. பிள்ளை வந்த முதல் கிழமையில் கொஞ்சாதீர்கள், கூட்டம் கூட்டாதீர்கள். எங்கள் சனம் பார்க்க வந்து வந்தே பிள்ளை பயந்து மேசைக்குக் கீழே போய் இருந்தது. மூன்று நாள் நானும் மேசைக்குக் கீழேயே இருந்து சோறு தீத்தினேன். நாலாம் நாள் தானாக வெளியில் வந்து கோழியைத் துரத்தியது. அதற்குப் பிறகு எல்லாம் சரி. அவளை நான் பெறவில்லை என்பதை ஐந்து வயதிலேயே சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டில் கேட்பதைவிட என் வாயால் கேட்கட்டும் என்று.

கல்லடி அக்கா:

எல்லாருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னா. அந்தத் தயிர்ச் சட்டி இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டா. அந்த நெதர்லாந்துப் பிள்ளை மறுபடி வந்தால் எங்கள் வீட்டிலும் தங்கலாம், தங்கச்சியின் வீடு கூட்டித்தான் இருக்கிறது என்று உங்களுக்கு எழுதச் சொன்னா.

இன்னொன்று. வரப்போகும் பிள்ளை எந்த மொழி பேசும் என்பது எங்களுக்குத் தெரியாது. அதனால் அம்மா சந்தியில் பேக்கரி வைத்திருக்கும் சிங்களப் பெரியவரிடம் நாளுக்கு ஒரு சொல் கேட்டு வருகிறா. "படகினித?" என்றால் பசிக்கிறதா. "வத்துர" என்றால் தண்ணீர். "வா" என்பதற்கு அவர்கள் "என்ன" என்பார்களாம். அதில்தான் அம்மாவுக்கு மயக்கம். நான் ஏதாவது கேட்டு, "என்ன?" என்று அவவே சொன்னாலும் உடனே நின்று, "இது கூப்பிடுற 'என்ன' இல்ல, கேக்கிற 'என்ன'" என்று விளக்கம் சொல்கிறா.

களுவாஞ்சிக்குடி அம்மா சொன்ன மேசைக் கதையையும் வாசித்தேன். எங்கள் மேசை உயரம் குறைவு, கீழே ஆள் இருக்க இடம் போதாது. அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து, தங்கச்சி வீட்டுக் கட்டிலுக்குக் கீழே கிடந்த பழைய பெட்டிகளை வெளியில் எடுக்கச் சொல்லியிருக்கிறா. நாளைக்கு எடுக்க வேண்டும்.