கால் இன்ச் டியூபை அரை இன்ச் ஆக்கினால் ட்ரெயின் ஹார்ன் சத்தம் கூடுமா?

டெக்சஸ்_பிக்கப்:
வண்டி ஃபோர்டு எஃப்-150. மூணு குழல் ட்ரெயின் ஹார்ன் கிட், 2 கேலன் டேங்க், அழுத்தம் 150 பிஎஸ்ஐ (சதுர இன்ச்சுக்கு 150 பவுண்டு) ஆனதும் கம்ப்ரஸர் நின்றுவிடும். டேங்க் பின்பக்கச் சுமை பெட்டுக்குக் கீழே, ஹார்ன் முன் பம்பருக்குப் பின்னால். நடுவில் சுமார் 12 அடிக்குக் கிட்டோடு வந்த கால் இன்ச் டியூப் ஓடுது. வால்வு டேங்க் வாயிலேயே இருக்கு. பட்டனை அழுத்தினால் முதலில் இழுவையா ஒரு முனகல், அப்புறம்தான் சத்தம் ஏறுது. ஏறினாலும் மூணாவது குழல் சரியாப் பேசலை. டேங்க் கேஜ் 150-தான் காட்டுது. டியூபை மட்டும் மாத்தினால் போதுமா, வால்வும் மாத்தணுமா? கம்ப்ரஸரிலிருந்து டேங்குக்கு வரும் லைனையும் பெருசாக்கணுமா?

குழல்வாசி:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கம்ப்ரஸர் பக்கத்தைத் தொடாதீங்க. அந்த லைன் டேங்கை நிரப்ப மட்டும்தான், ஹார்ன் அடிக்கும்போது அதுக்கு வேலையே இல்லை. அதோட கம்ப்ரஸர் வாயிலிருந்து வரும் காற்று கொதிக்கும், அதனால்தான் அங்கே கம்பி வலை போட்ட ஹோஸ் தர்றாங்க. அதை எடுத்துட்டு நைலான் போட்டால் உருகிப் பிய்த்துக்கும்.

உங்க கேஜ் 150 காட்டுறது காற்று ஓடாதபோது. ஹார்னுக்கு வேண்டியது காற்று ஓடும்போது அதன் வாயில் நிற்கும் அழுத்தம். ஹார்ன் வாயில் ஒரு டீ போட்டு இன்னொரு கேஜ் மாட்டுங்க. இரண்டு விநாடி அடிச்சு ரெண்டு கேஜையும் ஒரே நேரத்தில் பாருங்க. டேங்க் 140-இல் நிற்க, ஹார்ன் வாயில் 60, 70 என்று இருந்தால் குற்றவாளி நடுவில் இருக்கு. டேங்க் கேஜே சரசரவென்று இறங்கினால் டேங்க் சிறுசு, டியூப் மாத்திப் பயனில்லை. இதைச் செய்யாமல் பொருள் வாங்காதீங்க.

நைலான் டியூபில் சொல்ற அளவு வெளிவிட்டம். கால் இன்ச் என்றால் உள்துளை சுமார் 4.3 மி.மீ.தான், காற்று போகும் பரப்பு 15 சதுர மி.மீ. 3/8 இன்ச்சில் அது 32. அரை இன்ச்சில் உள்துளை 9.5 மி.மீ., பரப்பு 72. அதாவது கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. 12 அடி நீளத்துக்குச் சுவரில் உரசி இழக்கும் அழுத்தத்தையும் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் பெருசு. மூணு குழல் ஒரே லைனில் இருந்தால் நேரே அரை இன்ச்சுக்குப் போங்க.

வால்வும் மாத்தணும், இடத்தையும் மாத்தணும். உங்க முனகலுக்குப் பாதிக் காரணம் வால்வு டேங்க் பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் 12 அடி டியூப் நிறைந்த பிறகுதான் ஹார்னுக்கு முழு அழுத்தம். அரை இன்ச் போட்டுட்டு வால்வை அங்கேயே விட்டால் நிரப்ப வேண்டிய இடம் கால் லிட்டருக்கு மேல் ஆகும். பட்டனை விட்ட பிறகும் அந்தக் காற்று ஹார்ன் வழியாத்தான் வெளியேறும், சத்தம் வாலாக இழுக்கும். வால்வு ஹார்னிலிருந்து ஒரு அடிக்குள் இருக்கட்டும். லைன் எப்போதும் அழுத்தத்தோடு நிற்கும், தட்டினால் டக்கென்று பேசும்.

வால்வு வாங்கும்போது நூல் அளவை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. வெளியே அரை இன்ச் என்பிடி (அமெரிக்கக் குழாய் நூல் அளவு) போட்டு உள்ளே 4 மி.மீ. துளை வைத்த வால்வுகள் நிறைய. துளை விட்டம் 10 மி.மீ.க்குக் குறையாமல் கேளுங்க. அந்த அளவில் பைலட் வகைதான் வரும், அதாவது சின்னத் துளை ஒன்று முதலில் திறக்கும், அப்புறம் காற்றழுத்தமே பெரிய துளையைத் திறக்கும். உடம்பில் அம்புக்குறி இருக்கும், திருப்பி மாட்டினால் மூடாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

நைலான்_பிட்டர்:
குழல்வாசி சொன்னதோட பிட்டிங் விஷயம் சேர்க்கிறேன், பாதிப் பேர் தோற்கிறது இங்கேதான்.

டியூப்: லாரி ஏர் பிரேக்குக்கு வர்ற கறுப்பு நைலான், மேலே எஸ்ஏஇ ஜே844 என்று (அந்த டியூபுக்கான தர எண்) அச்சிட்டிருக்கும். பிவிசி பைப்பை எந்தக் காரணத்துக்கும் அழுத்தக் காற்றுக்குப் போடாதீங்க, உடைந்தால் சில்லுகளாகச் சிதறும்.

வெட்டுறதுக்கு டியூப் கட்டர் வேணும். கட்டிங் பிளையரில் வெட்டினால் முனை நசுங்கி ஓவல் ஆகும், ஓ-ரிங் ஒரு பக்கம் பிடிக்காது. பித்தளைக் கம்ப்ரஷன் பிட்டிங் என்றால் டியூபுக்குள் போகும் சின்ன பித்தளைக் குழாயை மறக்காதீங்க. அது இல்லாமல் முறுக்கினால் நைலான் உள்வாங்கும், கொஞ்ச நாளில் கழன்று வரும்.

90 டிகிரி எல்போ ஒவ்வொன்றும் நெருக்கடி, அதுவும் விலை மலிந்தவற்றில் உள்துளை டியூபைவிடச் சிறுசு. எங்கே முடியுமோ அங்கே டியூபையே அகலமாக வளைத்துக் கொண்டுபோங்க. அரை இன்ச்சுக்கு 3 இன்ச் ஆரம் வைத்தால் மடங்காது. எக்ஸாஸ்ட்டிலிருந்து ஒரு சாணாவது தள்ளி, ஃபிரேம் ஓட்டைகளில் ரப்பர் குரோமெட் போட்டு.

டேங்கில் அரை இன்ச் வாய் இருக்கான்னு பாருங்க. கால் இன்ச் வாயில் பெரிய பிட்டிங்கை அடாப்டர் போட்டு மாட்டினால் நெருக்கடி அங்கேயே உட்கார்ந்துவிடும். அடிவாய் தண்ணீர் வடிக்க, அதிலிருந்து ஹார்னுக்கு எடுக்காதீங்க.

நூலுக்கு டெஃப்ளான் டேப் வேண்டாம், திரவ சீலன்ட் போடுங்க, முதல் இரண்டு நூலை விட்டுட்டு. டேப்பின் துணுக்கு பைலட் துளையில் மாட்டினால் வால்வு மூடாது, ஹார்ன் நிற்காமல் ஊளையிடும்.

கழற்றும் முன் டேங்கை முழுக்கக் காலி செய்யுங்க. முடிந்ததும் 150-க்கு ஏற்றி எல்லா மூட்டிலும் சோப்பு நீர். இப்போது லைன் முழுக்க அழுத்தத்தில் நிற்கிறதால் சின்னக் கசிவுகூடக் கம்ப்ரஸரை அடிக்கடி ஓட வைக்கும்.

டெக்சஸ்_பிக்கப்:
நன்றி அண்ணா ரெண்டு பேருக்கும். டீ போட்டுப் பார்த்தேன்: டேங்க் 135, ஹார்ன் வாயில் 55. அரை இன்ச் போட்ட பிறகு 2 கேலன் டேங்க் தாங்குமா? அழுத்தம் அதிகமாப் போய் ஹார்னுக்குக் கெடுதல் வருமா?

குழல்வாசி:
55 என்றால் நோய் லைனிலும் வால்விலும்தான், சந்தேகமே இல்லை.

டேங்க் கணக்கு: 2 கேலன் என்பது 7.6 லிட்டர். 150-லிருந்து 100-க்கு இறங்கும்போது அது தர்றது சுமார் 26 லிட்டர் சாதாரணக் காற்று. 5 கேலன் டேங்க் அதே இறக்கத்தில் 64 லிட்டர் தரும். லைன் திறந்துவிட்டால் ஹார்ன் வேகமாகக் குடிக்கும், அதனால் சத்தம் பலமாக இருக்கும், நேரம் குறையும். குட்டிக் குட்டியா அடிக்க 2 கேலன் போதும். நீட்டி அடிக்கணும்னா 5.

ஹார்ன் தயாரிப்பாளர் சொன்ன உச்ச அழுத்தத்தைப் பாருங்க. இதுவரை 55-இல் பேசிய டயஃப்ரம் (அதிர்ந்து ஒலி எழுப்பும் தகடு) திடீரென்று 120 வாங்கினால் சில ஹார்ன்களில் சத்தம் கூடாது, கரகரக்கும், இல்லை வாயடைத்துப் போகும். அப்படி ஆனால் டேங்குக்கும் வால்வுக்கும் நடுவில் பெரிய துளை ரெகுலேட்டர் போட்டு 10 பிஎஸ்ஐ படியாக இறக்கிப் பாருங்க. குழல் ஒவ்வொன்றையும் தனித்தனியா ஊதிச் சோதிங்க. மூணாவது மட்டும் அப்போதும் முனகினால் அதன் டயஃப்ரத்தில் அழுக்கோ தண்ணீரோ இருக்கும். ஒன்று தெரிஞ்சுக்கோங்க: குழலின் சொந்த வாய்த்துளை 5, 6 மி.மீ.தான் என்றால் ஓரளவுக்கு மேல் எந்த டியூபும் உதவாது.

நைலான்_பிட்டர்:
வால்வு முன்னால் வர்றதால் வயரிங் சுலபம், பேட்டரி பக்கத்திலேயே. ரிலே போட்டு, வால்வுக்குத் தனி ஃபியூஸ்.

சோதிக்கும்போது காதுக்கு மஃப் கட்டாயம். ரயில் எஞ்சின் ஹார்னுக்கே அமெரிக்க விதி 100 அடி தூரத்தில் 96 முதல் 110 டெசிபல். நீங்க நிற்கப்போறது கை எட்டும் தூரத்தில். பம்பர் முன்னால் யாரும் இல்லைன்னு பார்த்துட்டுத்தான் பட்டனைத் தொடணும்.

கம்பெனி ஹார்னை ஸ்டீயரிங்கிலேயே விட்டு வைங்க, இதுக்குத் தனி சுவிட்ச், மூடி போட்டது. டெக்சஸ் போக்குவரத்துச் சட்டம் 547.501 வண்டி ஹார்ன் 200 அடிக்குக் கேட்கணும் என்கிறது, அதே பிரிவு அளவுக்கு மீறிய சத்தத்தையும் தடுக்குது. ரோட்டில் இதை அடித்தால் பக்கத்து வண்டிக்காரர் பதறிப் பிரேக் பிடிப்பார், பின்னால் வர்றவர் அவர் மேல் ஏறுவார். சொந்த நிலத்திலோ ஷோவிலோ வைத்துக்கோங்க.