டெக்சோமா ஏரி ஸ்ட்ரைப்பர்: ஜூலையில் போனால் கிடைக்குமா?

பிளேனோக்காரன்:
தூத்துக்குடியிலிருந்து அப்பா வந்திருக்கிறார், ஜூலை கடைசி வரை இருப்பார். வீட்டுக்குள்ளேயே இருந்து அலுத்துப்போய், மீன் பிடிக்கக் கூட்டிப்போ என்கிறார். டெக்சஸ்–ஓக்லஹோமா எல்லையில் இருக்கிற டெக்சோமா ஏரிக்கு இரண்டு முறை போனோம். பகல் பதினொரு மணிக்குக் கரையில் நின்று இறால் கோத்துப் போட்டதில் ஒரு கெளுத்தியும் எனக்குத் தலைவலியும்தான் மிச்சம். ஸ்ட்ரைப்பர் (உடம்பில் கோடு போட்ட ஸ்ட்ரைப்ட் பாஸ் மீன்) இந்த மாதம் கிடைக்குமா? எதைப் போடுவது? அப்புறம், அது கடல் மீன் என்று தெரிந்ததிலிருந்து அப்பா என்னை விடுவதாக இல்லை: "கடல் மீன் ஏரியில எப்படிடா குஞ்சு பொரிக்கும்?"

டெனிசன் அண்ணன்:
தம்பி, அப்பா கேட்டது நல்ல கேள்வி. பெரும்பாலான ஏரிகளில் பொரிக்காது, வருடா வருடம் குஞ்சு கொண்டுவந்து விடுவார்கள். இங்கே கதை வேறு. 1965-இல் தொடங்கிச் சுமார் பத்து வருடம் ஓக்லஹோமாக்காரர்கள் குஞ்சு விட்டார்கள். பிறகு மீன் தானாகவே பெருகிக்கொண்டது. அதன் முட்டை அடியில் படிந்தால் செத்துவிடும். பொரிகிற வரை, ஏறக்குறைய இரண்டு நாள், ஓடுகிற தண்ணீரில் உருண்டுகொண்டே வரவேண்டும். ஏரிக்கு வருகிற ரெட் ஆறும் வாஷிட்டா ஆறும் அதற்குப் போதுமான நீளம். தண்ணீரில் லேசாக உப்பும் உண்டு. ஏப்ரலில் பெரிய மீனெல்லாம் முட்டையிட ஆற்றுக்குள் ஏறிவிடும்.

ஜூலையில் தாராளமாகப் போகலாம். ஆனால் பதினொரு மணிக்கு இல்லை, விடியும்போது ஏரியில் இருக்க வேண்டும். ஷாட் என்கிற சின்ன மீன் கூட்டத்தைக் கீழேயிருந்து விரட்டிக்கொண்டு மேலே வரும். தண்ணீர் உலை கொதிக்கிற மாதிரி தெரியும். தூரத்திலேயே மோட்டாரை நிறுத்திவிட்டு, மேலே மிதக்கும் பாப்பர் என்கிற போலி இரையை வீசி இழுங்கள். படகை நடுவில் ஓட்டினால் கூட்டம் கலைந்துவிடும். வெயில் ஏறியதும் அணைப்பக்கம் முப்பது நாற்பது அடி ஆழத்துக்கு இறங்கிவிடும், அங்கே உயிர் ஷாட்தான். கரையிலிருந்து இது நடக்காது, படகோடு கைடு பிடியுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்புவார் என்று முதலிலேயே கேளுங்கள். என்னை ஒருவர் ஒன்பது மணிக்கு ஏற்றி, ஏரியைச் சுற்றிக் காட்டி இறக்கிவிட்டார். முழுக் காசு!

டெக்சோமா லைசென்ஸ் என்று தனியாக உண்டு, இரண்டு மாநிலப் பக்கமும் செல்லும், அப்பாவுக்கும் எடுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து மீன், அதில் 20 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளது இரண்டுதான்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கோடையில் ஆழத்திலிருந்து தூக்கிய மீனைத் திருப்பி விட்டால் பெரும்பாலும் பிழைக்காது, மேல் தண்ணீர் அவ்வளவு சூடு. சின்னதாக இருக்கிறதே என்று விட்டுவிட்டுப் பெரிசு தேடாதீர்கள். முதலில் வருவதை எடுத்துக்கொண்டு, கணக்கு முடிந்ததும் தூண்டிலைச் சுருட்டுங்கள். வெள்ளையாக மிதந்து போகிற மீன்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துவிட்டது.

குளிர்காய்பவன்:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் பெரிய மீன் வேண்டுமென்றால் ஜனவரி. கடற்காக்கை எங்கே விழுந்து விழுந்து எழுகிறதோ, அதற்கு நேர் கீழே ஸ்லாப் என்கிற ஈயப் போலி இரையை இறக்கி ஆட்டினால் போதும். ஏரியிலும் கூட்டம் இருக்காது.

டெனிசன் அண்ணன்:
கையில் விரல் இருப்பதும் தெரியாது. அப்பா ஜூலையில்தானே இருக்கிறார், விடுங்க தம்பி.

பிளேனோக்காரன்:
போய் வந்துவிட்டோம்! ஐந்தேகாலுக்குப் படகு கிளம்பியது. கைடுக்கு முன்னால் அப்பாதான் பார்த்தார்: "அங்க பாரு, தண்ணி சலசலங்குது." இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதினான்கு. போதும் என்று அவரே சொல்லிவிட்டார். குழம்பு வைத்தோம், கொடுவா அளவுக்கு இல்லையாம், கொஞ்சம் கவிச்சி அடிக்கிறதாம், ஆனாலும் இரண்டு தடவை வாங்கிக்கொண்டார். இப்போது புதுப் பிரச்சினை. ஷாட் பிடிக்கக் கைடு வைத்திருந்த வீச்சுவலையை வாங்கி வீசிப் பார்த்தவர், "இது வலையா? சரியா விரியவே மாட்டேங்குது" என்று ஊரிலிருந்து வலை வரவழைக்கச் சொல்கிறார்.

டெனிசன் அண்ணன்:
பக்கவாட்டில் தோலுக்கு அடியில் ஓடுகிற சிவப்புச் சதையைச் சீவி எறிந்திருக்க வேண்டும், கவிச்சி அதில்தான். வலை வரட்டும், ஆனால் டெக்சஸ் பக்கம் விட்டம் 14 அடிக்கு மேல் கூடாது. படகைக் கரையேற்றும்போது அதிலுள்ள தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடித்துவிடுங்கள். 2009-இல் இந்த ஏரியில் ஜீப்ரா மஸ்ஸல் சிப்பி வந்தது, அது மற்ற ஏரிகளுக்குப் பரவாமலிருக்கப் பிறகு சட்டமே போட்டுவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை நான் போகிறேன், என் படகில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. அப்பா வலை வீசுவதை நானும் பார்க்க வேண்டும்.