உறைபனிக் காலத்தில் வெளியில் படுக்கும் நாய்கள்: உங்கள் அனுபவம் என்ன?

உதகை, தலைக்குந்தாவிலிருந்து:

எங்கள் பக்கத்தில் நவம்பர் பிறந்ததும் முதலில் நீர்ப்பனி கொட்டும். அதன் பிறகு, வானம் தெளிந்து காற்றும் நின்றுபோன இரவுகளில் உறைபனி விழத் தொடங்கி, பெரும்பாலும் பிப்ரவரி வரை நீடிக்கும். உதகை நகரம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், பனி எல்லா இடத்திலும் ஒன்றுபோல் விழுவதில்லை. கனமான குளிர்காற்று சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடுவதால், தலைக்குந்தா, காந்தல், அவலாஞ்சி போன்ற பகுதிகளின் தாழ்வான புல்வெளிகள் வெளுத்துக் கிடக்கும் அதே விடியற்காலையில், சற்று மேட்டில் உள்ள வீட்டு முற்றத்தில் புல் நனைந்து மட்டுமே இருக்கும். ஆகவே தோட்டக் காவலுக்கு நாய் வளர்ப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, அது எந்த இடத்தில் படுக்கிறது என்பதைத்தான். ஓடையை ஒட்டிய பள்ளத்தில், கேரட் பாத்தியின் ஓரமாக நாயைக் கட்டுவது இங்கே பலருக்கும் வழக்கம். காட்டுப்பன்றி ஏறி வருவது அந்த வழியாகத்தான். தோட்டத்திலேயே மிகவும் குளிர்ந்த இடமும் அதுவேதான்.

இந்தத் தோட்டத்தை நாங்கள் குத்தகைக்கு எடுத்தபோது, முன்பு இருந்தவர் விட்டுச்சென்ற ஒரு சிப்பிப்பாறைக் கலப்பு நாயும், அதற்கென்று தகரத்தில் அடித்திருந்த கூண்டும் எங்களிடம் வந்து சேர்ந்தன. கூண்டுக்குள் சணல் சாக்குகளை மடித்துப் போட்டிருந்தார்கள். ஒரு நாள் விடியற்காலையில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, நாயின் மூச்சிலிருந்த ஈரம் கூரைத் தகரத்தின் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்துச் சொட்டுச் சொட்டாக அதன் முதுகிலேயே விழுந்துகொண்டிருந்தது. சாக்கைத் தூக்கினால் கை நனைந்தது. அடைத்த கூண்டும் படுக்கையும் இருந்தும் அந்த நாய் நடுங்கியதற்குக் காரணம் வெறும் குளிர் அல்ல, ஈரம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

தகரத்தைக் கூரையின் மேற்புறத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே நான்கு பக்கமும் மேலும் கீழும் பலகை அடித்தோம். அடிப்பலகை மண்ணில் படாதபடி செங்கல் மீது தூக்கி வைத்தோம். கூண்டின் அளவு, நாய் எழுந்து நின்று ஒரு சுற்றுத் திரும்பிச் சுருண்டு படுப்பதற்குப் போதுமானதாக இருந்தால் போதும். சிறு கூண்டை நாயின் உடற்சூடே கதகதப்பாக்கிவிடும். பெரிய கூண்டில் அந்தச் சூடு எங்கும் தங்காது. வாசலைக் காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி, பழைய தார்ப்பாயில் ஒரு திரை தொங்கவிட்டோம். படுக்கைக்கு வைக்கோல்தான். வைக்கோலின் தாள் உள்ளே குழலாக இருப்பதால் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாக்கையும் கம்பளியையும் போல ஈரத்தை உறிஞ்சாது. மலையில் நெல் விளைவதில்லை என்பதால், மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் லாரிக்காரரிடம் சொல்லி வைத்து, திரும்பும்போது கட்டுக் கட்டாக ஏற்றிவரச் செய்கிறோம்.

சிறுத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் குளிரில் போன நாய்களைவிடச் சிறுத்தை கொண்டுபோன நாய்கள் அதிகமாகத்தான் இருக்கும். சங்கிலியில் கட்டிய நாயால் ஓடவும் முடியாது. எனவே கூண்டைப் பள்ளத்திலிருந்து எடுத்து வீட்டின் அடுப்படிச் சுவரை ஒட்டி வைத்து, வாசலுக்கு உறுதியான இரும்புக் கம்பிக் கதவு போட்டு, இருட்டியதும் தாழிடுகிறோம். அங்கிருந்து குரைத்தாலே பன்றி கலைந்துபோகிறது.

குன்னூரிலிருந்து:

வீட்டு நாய்க்குக் கூண்டு செய்து கொடுக்க ஆள் இருக்கிறது. நான் உணவு வைப்பது கடைவீதி நாய்களுக்கு. அவை டீக்கடை அடுப்பின் பின்புறத்திலும், இரவில் குளிர்காய்ந்து அணைத்த சாம்பலின் மீதும் படுத்துக்கொள்ளும். சாம்பலுக்கு அடியில் கங்கு இருந்து வயிற்று ரோமம் பொசுங்கிய நாயைப் பார்த்திருக்கிறேன். ஆகவே கடை மூடும்போது கங்கின் மீது தண்ணீர் ஊற்றிவிடுமாறு கடைக்காரர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தின் பின்பகுதியில் இணை சேர்ந்து, குளிர்காலத்தில்தான் குட்டி போடுகின்றன. பிறந்த குட்டிகளுக்கு முதல் சில நாட்களில் நடுங்கக்கூடத் தெரியாது. தாயின் மீதும் ஒன்றின் மீது ஒன்றாகவும் கிடந்துதான் சூட்டைக் காத்துக்கொள்ளும். தாய் இரை தேடிப் போய்த் திரும்பத் தாமதமானால், ஒதுங்கிக் கிடக்கும் குட்டி விறைத்துப்போகும். அப்படிக் கிடந்த ஒரு குட்டிக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் இரக்கத்தோடு சூடான பாலைப் புகட்டப் போனபோது, நான் தடுத்துவிட்டேன். உடல் சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது. புரையேறி நுரையீரலுக்குள்ளும் போகக்கூடும். முதலில் உடம்போடு அணைத்தோ, வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோ மெதுவாகச் சூடேற்ற வேண்டும். அன்று அந்தக் குட்டி என் ஸ்வெட்டருக்குள் கிடந்து, வெகுநேரம் கழித்து வாயைத் திறந்து முனகி, என் விரலைச் சப்பத் தொடங்கிய பிறகுதான் தாயிடம் விட்டோம்.

கனடா, ஒன்டாரியோவிலிருந்து:

நான் வேலை பார்க்கும் ஆட்டுப் பண்ணையில் இரண்டு கிரேட் பிரனீஸ் இன நாய்கள், கொயோட்டி என்னும் ஓநாய் போன்ற காட்டு விலங்குகளிடமிருந்து மந்தையைக் காக்கின்றன. மைனஸ் 20 டிகிரியில் கொட்டகையின் கதவு திறந்திருந்தாலும், அவை வெளியே பனிமேட்டின் மீது படுத்திருக்கும். ஊரிலிருந்து புதிதாக வந்த எனக்கு அது முதலில் கொடுமையாகப் பட்டது. அவற்றுக்கு மேல்ரோமத்தின் அடியில் பஞ்சு போன்ற இன்னொரு ரோம அடுக்கு உண்டு. முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடப்பதைப் பார்த்தாலே, உள்ளிருக்கும் சூடு வெளியேறவில்லை என்பது விளங்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் ஊர் நாய்களுக்கு அந்த அடுக்கு இல்லை. உடம்பில் கொழுப்பும் குறைவு. இங்கே உள்ள நாயைப் பார்த்து அங்கே உள்ளதை அளக்கக் கூடாது.

இங்கே எங்களுக்குப் பெரிய வேலை தண்ணீர்தான். பாத்திரத்தில் ஊற்றிய தண்ணீர் சிறிது நேரத்தில் கட்டியாகிவிடும். பனியைத் தின்று தாகம் தீர்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது, ஏனெனில் அதை உருக்குவதற்கே உடற்சூடு செலவாகும். எனவே மின்சாரத்தில் சூடாகும் கிண்ணம் வைத்திருக்கிறோம். உலோகக் கிண்ணம் கூடாது, நாக்கு ஒட்டிக்கொள்ளும். உணவும் கோடையைவிடக் கால் பங்கு அளவுக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. சாலையில் தூவும் உப்பு பாதத்தை அரிப்பதால், டவுனுக்கு அழைத்துச் சென்று திரும்பினால் பாதத்தைக் கழுவித் துடைத்துவிடுவேன். கார் ரேடியேட்டரில் ஊற்றும் உறைதடுப்புத் திரவம் இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும். கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகம் கெட்டுவிடும்.

இந்த மாகாணத்தில் 2022 ஜூலை முதல், வெளியில் கட்டி வைக்கும் நாயின் சங்கிலி 3 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது.

கொடைக்கானலிலிருந்து:

எனக்கு இதில் ஒரு மாறுபாடு உண்டு. கூண்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும், வயதான நாயையும், மூட்டுவலி உள்ளதையும், ஆறு மாதம் நிரம்பாத குட்டியையும் உறைபனி இரவில் வெளியில் விடவே கூடாது என்பது என் கருத்து. வீட்டின் ஒரு மூலையில் இடம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? அத்துடன், வைக்கோலில் உண்ணி சேராதா என்றும் கேட்க விரும்புகிறேன்.

மீண்டும் தலைக்குந்தாவிலிருந்து:

நீங்கள் சொல்வது சரி. எங்கள் நாயும் கிழடாகி வருகிறது. இந்த ஆண்டு டிசம்பரிலிருந்து அது அடுப்படியில்தான் படுக்கிறது. ஆனால் உள்ளே படுக்க வைப்பவர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். மலையில் பலரும் இரவில் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. மனிதரையே கொல்வது நாயை விட்டுவைக்காது. கூண்டுக்குள் மஞ்சள் பல்பு எரியவிடுவதும் வேண்டாம், வைக்கோலில் தீப்பற்றும்.

இன்னொன்று, நடுங்குகிற நாயைவிட, நடுங்கிக்கொண்டிருந்து பிறகு நடுக்கம் நின்று சோர்ந்துபோன நாய்க்குத்தான் ஆபத்து அதிகம். நாயின் இயல்பான உடற்சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். 99-க்குக் கீழே இறங்கிவிட்டால் உடம்பைத் துணியால் போர்த்தி, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். காது நுனியோ வால் நுனியோ வெளுத்து விறைத்திருந்தால் அதைத் தேய்க்கக் கூடாது.

வைக்கோலைப் பொறுத்தவரை, ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்ததில்தான் தொல்லை. கையை நடுவே விட்டுப் பார்த்து, ஈரம் தட்டினால் முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுகிறோம். வெயில் அடிக்கிற நாளில் கூண்டையும் கவிழ்த்துக் காய வைக்கிறோம். பழைய வைக்கோலைக் காய்கறிப் பாத்தியில் போடுவதில்லை, சில்வர் ஓக் மரத்தடியில் கொட்டிவிடுகிறோம்.