பொருள்: ‘மூளாமீன்’ குறித்து, அச்சுக்குப் போகுமுன்

அன்புள்ள கலைச்சொல் குழுவினர்க்கு வணக்கம்.

மண்டபத்தில் எங்கள் பள்ளி வானியல் மன்றக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒன்றையொன்று மறைக்கும் பழுப்புக் குறுவிண்மீன்களின் (brown dwarf: விண்மீனாக எரியும் அளவுக்கு நிறை சேராதவை) நிறையையும் ஆரத்தையும் அளக்கும் பாடத்திற்கு மட்டும் தலைப்பு முடிவாகவில்லை.

பழுப்புக் குறுவிண்மீனுக்குப் புலவர் ஐயா முன்வைத்த ‘மூளாமீன்’ (தீ மூளாத விண்மீன்) செவிக்கு இனியது. ‘பழுப்பு’ என்பது ‘பழு’ என்னும் வேரில் பிறந்து முதிர்ச்சியைச் சுட்டுவதால், ஹைட்ரஜன் எரியும் நிலையையே எட்டாத ஒன்றுக்கு அது பொருந்துமா என்று அவர் கேட்பதிலும் நியாயமுண்டு. 1975இல் ஜில் டார்ட்டர் சூட்டிய ஆங்கிலப் பெயரும் உண்மை நிறத்தைச் சொன்னதன்று. ஆனால் வியாழனைப்போல் ஏறத்தாழ 13 மடங்கு நிறையைத் தாண்டினாலே டியூட்டீரியம் என்னும் கன ஹைட்ரஜன் மூண்டுவிடுகிறது. மூண்டதை ‘மூளா’ என்று கற்பித்துவிட்டு அடுத்த பக்கத்தில் எப்படித் திருத்துவது?

‘குறுமீன்’ என்பதும் இங்கே இடறும். விண்மீன்கள் வடமீன், அறுமீன் என்று சங்கப் பாடல்களில் வருவதை நானும் வகுப்பில் சொல்பவன்தான். என்றாலும் விடியற்காலையில் வலையிலிருந்து காரலையும் சூடையையும் பிரித்துக் கொடுத்துவிட்டு வரும் பிள்ளைக்கு அச்சொல் பொடிமீனாகவே கேட்கும். கீழக்கரை அம்மா சொன்ன ‘குறுவெள்ளி’ விண்மீனை வெள்ளி என்னும் நம் கடலோர வழக்குக்கு நெருங்கியதுதான், ஆனால் பாடநூலில் வெள்ளி ஒரு கோள்.

‘கிரகணம்’ வடசொல் என்பதற்காக அதை விலக்குவதில் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. அக்னி தீர்த்தத்தில் கிரகண நீராடலைப் பார்த்து வளர்ந்தவர்கள் எம் மாணவர்கள். ‘மறைப்பு’ என்று மட்டும் எழுதினால், நிலா ஒரு விண்மீனை மறைப்பதோடு அது குழம்பும். மேலும், அளவீட்டின் உயிரே கிரகணத்தில் இருக்கிறது. ஒளியைப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகள் இருபுறமும் நகர்வதிலிருந்து வேகம் கிடைக்கும். கிரகணம் நிகழ்வதால் சுற்றுப்பாதை நமக்கு ஏறக்குறைய விளிம்பு காட்டி நிற்கிறது என்பது உறுதிப்பட்டு, நிறையில் ஐயம் நீங்கும். மறைந்திருக்கும் நேரம் ஆரத்தைத் தரும். 2006இல் ஓரியன் நெபுலா என்னும் விண்முகிலில் இவ்வாறு முதன்முதலாக அளக்கப்பட்ட இணை 9.78 நாளுக்கொருமுறை சுற்றுகிறது. நிறைகள் சூரியனில் ஏறத்தாழ 5.4, 3.4 விழுக்காடு. ஒரு சுற்றில் நிகழும் இரு கிரகணங்களில் எதில் ஒளி அதிகம் குறைகிறது (சூடானது மறைவதில்தான்) என்று ஒப்பிட்டபோது, நிறை மிகுந்ததே குளிர்ந்தது என்று தெரிந்தது. எதிர்பார்ப்புக்கு நேர்மாறான இம்முடிவை மாணவர்கள் தாமே வரைபடத்திலிருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்பதே என் ஆசை.

ஆகவே ‘கிரகண இணையிலுள்ள பழுப்புக் குறுவிண்மீன்கள்’ என்றே தலைப்பிட விரும்புகிறேன். மறுப்பிருந்தால் வியாழக்கிழமைக்குள் தெரிவியுங்கள்.

புலவர் ஐயாவின் மறுமொழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிரகணத்தை ஏற்கிறேன். டியூட்டீரியத்தைப் பற்றிய தங்கள் வாதத்தை ஏற்க இயலவில்லை. சுள்ளி பற்றுவது வேறு, அடுப்பு மூள்வது வேறு. இருப்பில் உள்ள சிறிதளவு டியூட்டீரியம் தீர்ந்ததும் அப்பொருள் குளிரத்தானே செய்கிறது? கையேடு தங்கள் விருப்பப்படியே போகட்டும். குழுவின் சொற்பட்டியலில் மட்டும் ‘மூளாமீன்’ மாற்றுச் சொல்லாக இடம்பெற வேண்டும். அதை நான் விட்டுக்கொடுப்பதற்கில்லை.