ஊர்க்குழு: காலை 7.50 டவுன் பஸ்

டீச்சர் அக்கா: இன்றைக்கும் 7.50 பஸ் நிறுத்தத்தில் நிற்கவில்லை. புளியமரத்தடியில் கொஞ்சம் வேகம் குறைந்தது, ஓடிப்போய் நான்கு பையன்கள் தொற்றிக்கொண்டார்கள். எட்டாவது படிக்கிற பையன் ஒருவன் ஒரு கையில் ஜன்னல் கம்பி, இன்னொரு கையில் சாப்பாட்டுப் பை, ஒற்றைக் காலில் படியில் நின்றுகொண்டு போகிறான். வயிறு கலங்குகிறது.

பூக்கடை அக்கா: நானும் கூடையும் இங்கேயேதான் நிற்கிறோம். அடுத்த வண்டி 9.10க்கு. அதில் போய்ச் சேருவதற்குள் மல்லி விலை இறங்கிவிடும்.

மளிகைக்கடை அண்ணன்: 11.15க்கு வருகிற வண்டியில் நேற்று எண்ணினேன், 6 பேர். 6 பேருக்கு எதற்கு அவ்வளவு பெரிய பஸ்? அதைக் காலையில் விடலாமே. கண்டக்டர் மாமா, 30 வருஷம் பை மாட்டினவர் நீங்கள், சொல்லுங்கள்.

கண்டக்டர் மாமா: விடலாமே என்றால் எந்த வண்டியை மாப்பிள்ளை? 11.15க்குச் சும்மா வருகிற வண்டி 8 மணிக்குச் சும்மா இருப்பதில்லை, வேறு ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேறு ரூட்டில் நிற்கும். பள்ளிக்கூடம், ஆபீஸ், மில் எல்லாமே 9 மணியை ஒட்டித்தான், அதனால் எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் பஸ் வேண்டும். நம் ஊரிலிருந்து டவுன் 14 கிலோமீட்டர், 40 நிமிஷம். திரும்பி இங்கே வர இன்னொரு 40, நடுவில் டீ, ஆள் மாற்றம். 7.50க்குப் போன வண்டி இங்கே மறுபடி முகம் காட்டும்போது கூட்டம் முடிந்துபோயிருக்கும். ஒரு வண்டிக்குக் காலையில் கூட்டம் ஏற்றுகிற நடை ஒன்றுதான். டிப்போவில் எத்தனை வண்டி வேண்டும் என்பதை அந்த ஒரு மணி நேரம்தான் தீர்மானிக்கும், மத்தியானம் இல்லை.

கீழத்தெரு தங்கச்சி: மாமா, நீங்கள் சொன்னபடி திங்கள் முதல் சனி வரை 7.50க்கு எண்ணினேன். சராசரியாக நிறுத்தத்தில் 58 பேர், அதில் யூனிஃபார்ம் 26. ஏறியவர்கள் 35, நின்றுவிட்டவர்கள் 23. வண்டி இங்கே வரும்போதே சுமார் 45 பேர் உள்ளே இருக்கிறார்கள்.

கண்டக்டர் மாமா: தங்கம், இது பெரிய வேலை. டிப்போவில் கூட்டத்தை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் தெரியுமா? டிக்கெட் மெஷின்தான். கிலோமீட்டருக்கு எவ்வளவு கலெக்‌ஷன், எத்தனை டிக்கெட். 2021 மே மாதம் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் இலவசம் வந்தபோது கட்டணமில்லா டிக்கெட் என்று கொடுக்க ஆரம்பித்தார்கள், அதனால் அவர்கள் கணக்கில் வந்துவிடுகிறார்கள். யூனிஃபார்ம் பிள்ளைகளுக்கு டிக்கெட் போடுவதில்லை. ஏறாமல் நின்ற 23 பேருக்கு டிக்கெட்டே கிடையாது. ஆக அங்கே உட்கார்ந்து பார்க்கிறவருக்கு நம் 7.50 ஒரு சுமாரான நடை, அவ்வளவுதான். போன வருஷம் கொடுத்த மனுவில் "கூட்டம் அதிகம்" என்று மட்டும் எழுதினோம், யார் நம்புவார்கள்?

மளிகைக்கடை அண்ணன்: அப்போ மினி பஸ் கேட்கலாமா? 2025 ஜூன் 16ஆம் தேதி தஞ்சாவூரில் புதுத் திட்டம் தொடங்கினார்களே.

வார்டு மெம்பர்: விசாரித்தேன் அண்ணே. 1997 மினி பஸ் திட்டத்தில் ஒரு வண்டியின் பாதை 20 கிலோமீட்டர்தான், அதில் பஸ் ஓடுகிற பாதையில் 4 கிலோமீட்டருக்குமேல் வரக்கூடாது. இப்போது 25 வரை போகலாம், ஆனால் 65 சதவீதமாவது பஸ் இல்லாத பாதையாக இருக்க வேண்டும். நம் மெயின் ரோடு முழுக்க டவுன் பஸ் ஓடுவதால் நேராக டவுனுக்கு என்று கேட்டால் அனுமதி கிடைக்காது. காலனி, வாய்க்கால் மேடு, அந்தப் பக்கம் மூன்று ஊர் சுற்றி வந்தால் கணக்கு சரியாக வரும்.

பூக்கடை அக்கா: மினி பஸ்ஸில் நாங்கள் டிக்கெட் எடுக்கணுமே தம்பி, தினம் போக வர.

வார்டு மெம்பர்: ஆமாம் அக்கா, தனியார் வண்டி.

கண்டக்டர் மாமா: மினி பஸ்ஸைக் காலனிக்குக் கேளுங்கள், அது அவசியம். வாய்க்கால் பாலத்தில் பெரிய வண்டி திரும்பவே திரும்பாது. சென்னையில் 2013இல் சின்ன பஸ் விட்டதும் பெரிய வண்டி நுழையாத தெருக்களுக்காகத்தான். ஆனால் 7.50 கூட்டத்துக்கு அது மருந்து இல்லை. 25 சீட்டில் 58 பேரை எங்கே வைப்பது? அதற்குப் பெரிய வண்டிதான் வேண்டும், ஒரே ஒரு நடை.

டீச்சர் அக்கா: வண்டி இல்லை என்றுதானே மாமா ஆரம்பித்தீர்கள்.

கண்டக்டர் மாமா: இருக்கிறது, ராத்திரி. 9.40க்கு நம் ஊருக்கு வருகிற கடைசி வண்டி ஆளை இறக்கிவிட்டு 14 கிலோமீட்டர் காலியாக டிப்போவுக்குப் போகிறது. காலையில் அதற்கு முதல் நடை டவுன் ஸ்டாண்டில் 8.30க்குத்தான். அந்த வண்டி இங்கேயே நைட் ஹால்ட் போட்டால், அதாவது ராத்திரி இங்கேயே தங்கினால், 7.35க்கு நம் ஊரிலிருந்தே காலியாகப் புறப்படும், 8.15க்கு டவுனில் இறக்கிவிட்டு அதன் 8.30 நடையைப் பிடிக்கும். புது வண்டி வேண்டாம், ராத்திரி டீசலும் மிச்சம். நான் வேலை பார்த்தபோது எத்தனையோ ஊரில் ஹால்ட் படுத்திருக்கிறேன்.

வார்டு மெம்பர்: பிறகு ஏன் நம் ஊரில் இல்லை?

கண்டக்டர் மாமா: இருந்தது, எடுத்துவிட்டார்கள். டிரைவர், கண்டக்டர் படுக்க இடம் இல்லை. கலெக்‌ஷன் பணத்தைத் தலைக்கு வைத்து பஸ் சீட்டில் கொசுக்கடியில் கிடந்துவிட்டுக் காலையில் 60 பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டச் சொன்னால் அது நியாயமே இல்லை. பூட்டுகிற கதவு, ஃபேன், தண்ணீர் வருகிற கக்கூஸ், இது மூன்றும் இருந்தால் டிரைவர்களே ஒத்துக்கொள்வார்கள்.

வார்டு மெம்பர்: பழைய நூலக அறை சும்மாதான் கிடக்கிறது. தலைவரிடம் இன்றைக்கே பேசுகிறேன். கக்கூஸ் குழாய் உடைந்திருக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மளிகைக்கடை அண்ணன்: சீலிங் ஃபேன் என் பொறுப்பு.

பூக்கடை அக்கா: இரண்டு கொசுவலை நான் வாங்கிவிடுகிறேன். ராத்திரி சாப்பாடு வேண்டுமென்றாலும் சொல்லச் சொல்லுங்கள்.

கீழத்தெரு தங்கச்சி: எண்ணின தாளை டைப் அடித்துப் போடட்டுமா மாமா? திங்கள் மழை, அன்றைக்கு 41 பேர்தான். அதையும் சேர்க்கவா?

கண்டக்டர் மாமா: சேர்த்துக்கொள். குறைந்த நாளையும் காட்டினால்தான் மற்ற நாளை நம்புவார்கள். யூனிஃபார்ம் தனியாக, ஏறாதவர்கள் தனியாக எழுது. அறை தயாரானதும் போட்டோவும் சேர்த்துக் கிளை மேலாளரிடம் நேரில் கொடுப்போம், நானும் வருகிறேன். அதுவரை டீச்சர், படியில் தொங்குகிற பிள்ளைகளின் பெயரை எனக்கு அனுப்புங்கள், 9.10 வண்டியில் வந்தால் முதல் பாடம் போய்விடும் என்று பயந்துதான் ஏறுகிறார்கள், ஹெச்.எம்.மிடம் நான் பேசுகிறேன்.

டீச்சர் அக்கா: 11 பேர் மாமா. இப்போதே அனுப்புகிறேன்.