2,744 வெள்ளி கேட்டாங்க, 1,094 கட்டிட்டு வந்தேன். சர்வீஸ் சென்டர் விலை நியாயமா?

செந்தூல் டீச்சர்:

போன சனிக்கிழமை நடந்தது. என் காடிக்கு ஏழு வயசு, 98 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. ஜப்பான் காடி, 1.5 லிட்டர் இன்ஜின், சிவிடி கியர் (பெல்ட்ல ஓடுற ஆட்டோ கியர்). பிராண்ட் பேரும் பிராஞ்ச் பேரும் வேணாம். வாங்கின நாள்ல இருந்து ஒரே இடத்துலதான் சர்வீஸ், கம்பெனியோட சொந்த அங்கீகாரம் உள்ள இடம். சர்வீஸ் புக்ல ஒரு பக்கம்கூட காலியா இல்ல.

காலையில எட்டரைக்கு சாவியைக் கொடுத்துட்டு, மேல லாஞ்ச்ல உக்காந்து மைலோ குடிச்சுக்கிட்டே பரீட்சைத் தாள் திருத்திக்கிட்டிருந்தேன். பத்து மணிக்கு எஸ்ஏ (சர்வீஸ் அட்வைசர்) பையன் டேப்லெட்டோட வந்து பக்கத்துல குந்துனான். "புவான், பாஞாக் பெண்டா கெனா துகார்." நிறைய சாமான் மாத்தணுமாம். அந்த ஒரு வாக்கியத்துலயே எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

ஒரு லட்சத்துக்கான பெரிய சர்வீஸ் (மினியாக் ஹிதாம்ங்கிற இன்ஜின் ஆயில், ஃபில்டர், நாலு பிளக், சிவிடி ஆயில், பிரேக் ஆயில், கூலண்ட்) 1,094 வெள்ளி. அது வரும்னு தெரியும், காசு எடுத்து வச்சிருந்தேன். அதுக்கு மேல முன்பக்க லோவர் ஆர்ம் ரெண்டு பக்கமும் 980. பிரேக் பேட் 312. அப்புறம் இன்ஜினை உள்ள கழுவுற ஃப்ளஷ், பெட்ரோல்ல ஊத்துற ஏதோ மருந்து, த்ராட்டில் கிளீனிங், ஏர்கோனுக்கு வாசனைப் புகை, இதெல்லாம் சேர்த்து 358. மொத்தம் 2,744.

லோவர் ஆர்ம் எதுக்குன்னு கேட்டேன். ஒரு போட்டோ காட்டுனான், கறுப்பு ரப்பர் வாய் பிளந்த மாதிரி வெடிச்சிருந்தது. ஹைவேல பஹாயா, ஆபத்துன்னான். அது என் காடியோட ரப்பர்தானான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆயிரம் காடி வந்து போற இடம். பெரிய சர்வீஸ் மட்டும் செய்யுங்கன்னு சொல்லி 1,094 கட்டிட்டு வந்துட்டேன். வந்ததுல இருந்து ஹைவே ஏறவே பயமா இருக்கு. வீட்டுக்காரர் "அதான் சான் சோவ் லின்ல வரிசையா ரிப்பேர் கடை இருக்கே"ங்கிறார். நான் ஏமாந்தேனா, இல்ல கஞ்சத்தனம் பண்ணிட்டேனா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

ஜெலுத்தோங் மாமா:

போட்டோல நம்பர் பிளேட் தெரிஞ்சுதா டீச்சர்?

செந்தூல் டீச்சர்:

காடிக்கு அடியில எடுத்த போட்டோல எப்படி மாமா நம்பர் பிளேட் தெரியும்?

ஜெலுத்தோங் மாமா:

அதான் சொல்றேன்.

பழைய எஸ்ஏ:

டீச்சர், ஆறு வருசம் நான் அந்த டேப்லெட்டைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சவன். இப்போ அந்த வேலையில இல்ல, அதனால வாய் திறக்கலாம். உங்க பில்லை மூணு குவியலா பிரிச்சுப் பாருங்க.

முதல் குவியல் 1,094. மேனுவல்ல போட்டிருக்கிற வேலை, விலை எல்லா பிராஞ்ச்லயும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஒரு லட்சத்துல இரிடியம் பிளக், சிவிடி ஆயில் எல்லாம் சேர்ந்து வர்றதால அந்த ஒரு தடவை மட்டும் வலிக்கும். கூலிக்கு மேல சேவை வரி வேற, 2024 மார்ச் 1ல இருந்து 6 விழுக்காடு 8 ஆச்சு. இதுல ஏமாத்து எதுவும் கிடையாது.

கடைசிக் குவியல் 358. அதுதான் எங்க மாசக் கடைசி. நான் இருந்த இடத்துல அடிப்படைச் சம்பளம் சொல்லிக்கிற மாதிரி இருக்காது. ஃப்ளஷ் ஒரு டின்னுக்கு இவ்வளவு, ஏர்கோன் புகைக்கு இவ்வளவுன்னு கமிஷன். மாசம் இத்தனை டின் போகணும்னு வெள்ளைப் பலகையில எங்க பேருக்கு நேரா எழுதியிருப்பாங்க. உங்க மேனுவலை எடுத்துப் பார்த்து, அதுல ஃப்ளஷ்னு ஒரு வார்த்தை இருந்தா சொல்லுங்க. நேரத்துக்கு ஆயில் மாத்துன இன்ஜினுக்கு அது தேவையே இல்ல. "வேண்டாம் தம்பி"ன்னு சொன்னா அவன் கோவிச்சுக்க மாட்டான், அடுத்த ஆள்கிட்ட போயிடுவான்.

நடுக் குவியல்தான் சிக்கல். லோவர் ஆர்ம்னா ஒரு இரும்புக் கை, அதோட முனையில ரப்பர் புஷ் இருக்கும். கெட்டுப்போறது பெரும்பாலும் அந்த ரப்பர்தான். ஆனா சில மாடலுக்கு கம்பெனி கேட்டலாக்ல புஷ்ஷுக்குன்னு தனியா பார்ட் நம்பரே கிடையாது, முழுக் கையாத்தான் வரும். எஸ்ஏ நினைச்சாலும் ரப்பரை மட்டும் ஆர்டர் போட முடியாது, சிஸ்டம் விடாது. வெளியில போர்மேன் (மெக்கானிக்) பழைய ரப்பரை பிரெஸ் மெஷின்ல அழுத்தித் தள்ளிட்டு புதுசைச் சொருகிடுவான். 980க்கும் வெளிவிலைக்கும் உள்ள பள்ளம் அங்கதான் இருக்கு. இதைப் பொய்னு சொல்ல முடியாது, நியாயம்னும் சொல்ல மாட்டேன்.

கூலி விசயம் ஒண்ணு. சர்வீஸ் சென்டர்ல கூலி மணிக்கணக்கு, ஆனா கடிகார மணி இல்ல, புத்தக மணி. இந்த வேலைக்கு ஒன்றரை மணி நேரம்னு கம்பெனி எழுதி வச்சிருந்தா, கை தேர்ந்த போர்மேன் ஐம்பது நிமிசத்துல முடிச்சாலும் ஒன்றரைக்குத்தான் காசு. துருப்பிடிச்ச போல்ட் ஒண்ணு மாட்டி மூணு மணி நேரம் இழுத்தாலும் அதே காசுதான். இந்த ரெண்டாவது கணக்கை யாரும் நினைச்சுப் பார்க்கிறதில்ல.

பிரேக் பேட் எத்தனை மில்லின்னு பேப்பர்ல எழுதியிருக்கா பாருங்க. புதுசு 10 மில்லி பக்கம் இருக்கும், 3க்கு வந்தா மாத்தணும். நம்பர் எழுதாம "நிப்பிஸ்", மெலிசாயிடுச்சுன்னு மட்டும் சொன்னா நம்பாதீங்க. அடுத்த தடவை மேல உக்காந்து மைலோ குடிக்காதீங்க. "காடி லிஃப்ட்ல இருக்கும்போது கூப்பிடு, நான் கீழ வந்து பார்க்கணும்"னு சாவி கொடுக்கும்போதே சொல்லிடுங்க. எஸ்ஏ கூட வந்தா உள்ள விடுவாங்க. அப்படிச் சொல்ற ஆளுக்கு எழுதுற லிஸ்ட் வேற, சொல்லாத ஆளுக்கு எழுதுற லிஸ்ட் வேற. நானே ரெண்டும் எழுதியிருக்கேன், மன்னிச்சுக்கோங்க.

பிறை சேல்ஸ்மேன்:

எஸ்ஏ அண்ணே, வெள்ளைப் பலகை கதையைக் கேட்டு சிரிப்பு வந்துடுச்சு. என் ஆபீஸ்லயும் அதே பலகைதான்.

என் கதை இது. பெர்லிஸ்ல இருந்து ஈப்போ வரைக்கும் கடை கடையா ஏறி இறங்குற வேலை, மாசம் 5 ஆயிரம் கிலோமீட்டர் சாதாரணமா ஓடும். லோக்கல் காடி. அஞ்சு வருசம் இல்லன்னா ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் கிலோமீட்டர், எது முதல்ல வருதோ அதுவரைக்கும் வாரண்டி. எனக்கு ரெண்டரை வருசத்துல முடிஞ்சு போச்சு. அதுவரைக்கும் ஒரு சர்வீஸ்கூட வெளியில போகல. சாதாரண சர்வீஸ் 200 வெள்ளி பக்கம் வரும், வெளியில அதையே 150க்குச் செய்வான். அந்த ஐம்பது வெள்ளியைப் பார்த்து வாரண்டியைக் கெடுத்துக்க நான் தயாரா இல்ல.

வாரண்டி முடிஞ்சு மூணாவது மாசம். சித்தியை பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட்ல விட பினாங்குப் பழைய பாலத்துல போறேன். நடுப்பாலத்துல பேட்டரி லைட்டு சிவப்பா எரியுது. ஆல்டர்நேட்டர் சார்ஜ் ஏத்தலன்னு புரிஞ்சு போச்சு, பேட்டரில இருக்கிறதை வச்சுத்தான் ஓட்டணும். ஏர்கோனை அடைச்சேன், ரேடியோவை அடைச்சேன், போன் சார்ஜரைப் புடுங்குனேன். சித்தி டிக்கெட் பேப்பரை மடிச்சு விசிறிக்கிட்டே "ஏன்டா, காசு மிச்சம் பிடிக்கிறியா?"ன்னு கேட்டுச்சு. எப்படியோ கொண்டு போய் விட்டுட்டேன்.

சர்வீஸ் சென்டர்ல புது ஆல்டர்நேட்டர், கூலியோட 1,150 சொன்னாங்க. மாக் மண்டின்ல ஒரு வயர்மேன் இருக்காரு, சீன அங்கிள், எழுபது வயசு இருக்கும். கழட்டி மேசை மேல வச்சுப் பிரிச்சாரு. கார்பன் பிரஷ் தேஞ்சு அரை அங்குலம்கூட இல்ல, அதை என் உள்ளங்கையில வச்சுக் காட்டுனாரு. பிரஷ், ரெகுலேட்டர், ரெண்டு பேரிங், எல்லாம் சேர்த்து 280. அதுக்கப்புறம் 40 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியாச்சு, அந்த லைட்டு திரும்ப எரியல. சர்வீஸ் சென்டர்ல ஆல்டர்நேட்டரைப் பிரிச்சுப் பார்க்கிற ஆளே இல்ல, மாத்தத்தான் தெரியும். அது அவங்க குத்தமான்னு எனக்குச் சொல்லத் தெரியல.

கெப்போங் தம்பி:

எல்லாரும் வெளிக்கடைதான் நல்லதுன்னு கிளம்பிடாதீங்க. நான் பட்டது தனிக் கதை.

சிவிடி ஆயில் மாத்த சர்வீஸ் சென்டர்ல முந்நூத்துச் சொச்சம் சொன்னாங்க. வீட்டுப் பக்கத்துக் கடையில 180. "சிவிடிக்குன்னு உள்ளதுதானே ஊத்துறீங்க?"ன்னு கேட்டேன். "சாமா லா, கியர் ஆயில்னா கியர் ஆயில்தான்" என்றார் தவுக்கே, கடை முதலாளி. சாமா இல்ல. சாதாரண ஆட்டோ கியருக்கான ஏடிஎஃப் வேற, சிவிடி பெல்ட்டுக்கான ஆயில் வேற. பெல்ட் வழுக்காம கவ்வுறதுக்குன்னே தயாரிக்கிறது அது. ரெண்டு வாரத்துல, டிராஃபிக் லைட்ல நின்னு கிளம்பும்போது காடி மாடு சிலிர்க்கிற மாதிரி உதறிச்சு. இன்னும் ஒரு மாசத்துல கியர்பாக்ஸ் போச்சு. புதுசு விலையைக் கேட்டுட்டு உக்காந்துட்டேன். கடைசியில, பழைய காடியை வெட்டி பார்ட்ஸ் விக்கிற ஹாஃப்-கட் கடையில பழைய பாக்ஸ் 2,700க்கு வாங்கிப் போட்டேன்.

தவுக்கே கைவிரிச்சுட்டார். பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போனேன். அஞ்சு வெள்ளிதான் கட்டணம், 'பாரம் 1'ங்கிற விண்ணப்பத்தைப் பூர்த்தி பண்ணணும், வக்கீல் கூடாது. 50 ஆயிரம் வெள்ளி வரைக்கும் கேட்கலாம், மூணு வருசத்துக்குள்ள போட்டுடணும். தலைவர் என் பில்லை வாங்கிப் பார்த்தார். கையால எழுதின பில்லு. "மினியாக் கியர், 180." அவ்வளவுதான். என்ன ஆயில், எந்தத் தரம், எத்தனை லிட்டர், ஒண்ணும் இல்ல. அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கல. கடைசியில சமரசமாப் பேசி 1,500 கிடைச்சது. மீதி 1,200ஐ என் எழுத்தறிவுக்குக் கட்டின பீஸுன்னு வச்சுக்கிட்டேன். இப்போ எந்தக் கடையா இருந்தாலும் ஆயில் டின்னை போட்டோ எடுத்துட்டு, பேரையும் தரத்தையும் பில்லுல எழுதச் சொல்றேன். கிறுக்கன்னு நினைக்கிறாங்க, நினைச்சுட்டுப் போகட்டும்.

ஜெலுத்தோங் மாமா:

பினாங்குக்காரங்க யாராவது இந்த மாதிரி மாட்டுனா முதல்ல இங்க உள்ள பயனீட்டாளர் சங்கத்துல போய்க் கேளுங்க. தமிழ்லயே பேசலாம். எந்தப் பாரம், எங்க கொடுக்கணும்னு சொல்லித் தருவாங்க.

டாமான்சாரா அக்கா:

யாரும் சொல்லாத ஒண்ணு. நான் வாங்குனது செகண்ட் ஹேண்ட் காடி. முதல் ரெண்டு வருசம் சர்வீஸ் சென்டர் பக்கமே போகல, காசு மிச்சம்னு சந்தோசம். ஒரு நாள் வேற வேலையா போனப்ப சேசி நம்பரைத் தட்டிப் பார்த்தவங்க, தக்காத்தா ஏர்பேக் ரீகால்ல (கோளாறான ஏர்பேக்கை கம்பெனியே கூப்பிட்டு மாத்திக் கொடுக்கிறது) இந்தக் காடியும் இருக்கு, இன்னும் மாத்தலன்னு சொன்னாங்க. கடுதாசி எல்லாம் பழைய ஓனர் வீட்டுக்குப் போயிருக்கு. ஒரு சென் வாங்காம அன்னைக்கே மாத்திக் கொடுத்தாங்க. அந்த ஏர்பேக் வெடிச்சா இரும்புத் துண்டு முகத்துக்கு வரும், நம்ம நாட்டுலயும் ஆள் செத்திருக்கு. வெளிக்கடைக்கே போங்க, வேணாங்கல. ஆனா செகண்ட் ஹேண்ட் வாங்குனவங்க சேசி நம்பரை ஒரு தடவை கேட்டுடுங்க. கேட்கக் காசு இல்ல.

செந்தூல் டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. நேத்து வீட்டுக்காரரோட செகாம்புட்ல ஒரு போர்மேன்கிட்ட போனேன். எஸ்ஏ தம்பி சொன்ன மாதிரி மைலோ குடிக்காம கீழயே நின்னேன். காடியைத் தூக்கி, நீளமான இரும்புக் கம்பியை விட்டு நெம்பிக் காட்டினார். இடது பக்க ரப்பர் நிஜமாவே வெடிச்சிருக்கு, கம்பி போட்டா கை அப்படியே ஆடுது. வலது பக்கம் நல்லா இருக்கு, இன்னும் ஒரு வருசம் போகும்னார். பிரேக் பேட் 5 மில்லி. அதைத் தொடவே இல்ல. "பாலேக் காம்போங் சாம்பே தைப்பிங்"னார், ஊருக்கு தைப்பிங் வரைக்கும் போய்ச் சேர்ந்துடலாமாம். தைப்பிங்தான் எங்க ஊருன்னு வீட்டுக்காரர் உளறி வச்சிருந்தார்.

ரப்பர் ரெண்டு பக்கமும் மாத்திட்டேன், ஒரு பக்கம் மட்டும் மாத்த மனசு வரல. கூலியோட 160, அலைன்மெண்ட் 35. மூணு மாசம் உத்தரவாதம்னு வாயால சொன்னார். கெப்போங் தம்பியை நினைச்சு பில்லுல எழுதி வாங்கிட்டேன், ரப்பர் பிராண்ட் பேரோட. பழைய ரப்பரை பிளாஸ்டிக் பைல போட்டுக் கொடுத்தார். அதை வச்சு என்ன செய்யுறதுன்னு தெரியாம சமையலறை ஜன்னல்ல வச்சிருக்கேன்.

பழைய எஸ்ஏ:

வெளி ரப்பர் ஒரிஜினல் அளவுக்கு உழைக்காது டீச்சர், ரெண்டு மூணு வருசத்துல திரும்ப வரலாம். அப்பவும் கணக்கு உங்க பக்கம்தான்.

ஜெலுத்தோங் மாமா:

அப்போ அந்தப் போட்டோ?

செந்தூல் டீச்சர்:

எஸ்ஏ பையனுக்கு வாட்ஸாப் பண்ணிக் கேட்டேன், அஞ்சு நிமிசத்துல அனுப்பிட்டான். பெருசாக்கிப் பார்த்தேன் மாமா. ஓரத்துல ஒரு பச்சை கேபிள் டை தெரியுது. போன தீபாவளிக்கு அடி கவர் தொங்குதுன்னு எங்க வீட்டுக்காரர் தரையில படுத்துக் கட்டினது.