‘டாக் இன்டு’ என்று எழுதப் போய் வந்த வினை

எங்கள் அலுவலகத்தில் நடந்தது இது. நீண்ட இழுபறிக்குப் பிறகு ஒரு வாடிக்கையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார். விற்பனைப் பிரிவு நண்பர் அந்த மகிழ்ச்சியில், ‘வி டாக்ட் தெம் இன்டு ரின்யூயிங்’ (We talked them into renewing) என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். நகல் போனவர்களில் அந்த வாடிக்கையாளரும் ஒருவர். மறுநாள் ஒற்றை வரியில் பதில் வந்தது: எங்களை யாரும் பேசி மடக்கவில்லை, கணக்குப் பார்த்துத்தான் கையெழுத்திட்டோம்.

நண்பருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “சம்மதிக்க வைத்தோம் என்றுதானே எழுதினேன்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அகராதியைப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். ஆனால் முதலில் மனமில்லாமல் இருந்தவரைப் பேசிப் பேசியே இணங்க வைத்தோம் என்ற குறிப்பு ‘டாக் இன்டு’ என்ற அந்த வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. முடிவின் பெருமை பேசியவருக்குப் போய்விடும். முடிவெடுத்தவருக்குச் சொந்த யோசனையே இல்லாததுபோல் ஆகிவிடும். ‘ஐ வாஸ் டாக்ட் இன்டு இட்’ என்று ஒருவர் சொன்னால், பொறுப்பில் பாதியை வேறொருவர் தலையில் வைக்கிறார் என்று பொருள். இணங்க வைப்பதையே குறிக்கும் ‘பெர்சுவேட்’ (persuade) என்பதில் இந்த உறுத்தல் குறைவு. ‘வின் ஓவர்’ என்றால் மனத்தையே வென்று நம் பக்கம் சேர்த்துக்கொள்வது. அந்த மின்னஞ்சலுக்கு இவை எதுவுமே வேண்டாம். ‘தே அக்ரீட் டு ரின்யூ’ (புதுப்பிக்க ஒப்புக்கொண்டார்கள்) போதும் என்பது என் கருத்து.

இலக்கணத்தில் இடறுகிற இடம் ஒன்றுதான். ‘பெர்சுவேட் ஹிம் டு கோ’ என்று பழகிய கை, ‘டாக் ஹிம் இன்டு டு கோ’ என்று எழுதிவிடுகிறது. ‘டாக் ஹிம் இன்டு கோயிங்’ என்பதே சரி. செய்வினையில் ஆளைக் குறிக்கும் சொல் ‘டாக்’, ‘இன்டு’ இரண்டுக்கும் நடுவில்தான் வரும்.

இதன் எதிர்ப்பதம் ‘டாக் அவுட் ஆஃப்’, பேசித் தடுத்துவிடுவது. ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிடத் துணிந்த தோழி ஒருத்தியை அவளுடைய பேராசிரியர் உட்காரவைத்து, அவள் சொன்னதையெல்லாம் கேட்டு, கடைசியில் ஓர் அத்தியாயத்தை மட்டும் முடித்துக் கொடுக்கச் சொன்னார். அவள் ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில், ‘ஹூ டாக்ட் மீ அவுட் ஆஃப் குவிட்டிங்’ என்று இருக்கிறது. வாடிக்கையாளரைச் சினமூட்டிய அதே பேச்சு இங்கே நன்றியாக நிற்கிறது. ‘டாக் இன்டு’வையும் இப்படி மனமார்ந்த நன்றியோடு யாராவது சொல்லிக் கேட்டிருந்தால், எந்தச் சூழலில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.